குதிரைப் பந்தயத்தை யார் கைவிட்டார்கள்?

1938 நவம்பர் 1, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் பிம்லிகோ திடலில் இரண்டே இரண்டு குதிரைகள் ஓடின: சீபிஸ்கட், வார் அட்மிரல். நேரில் பார்க்க 40,000 பேர் முண்டியடித்தார்கள். வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள் ஏறத்தாழ 4 கோடிப் பேர். பந்தயம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. சீபிஸ்கட் வென்றது.

அதே நாட்டில் இன்று ஒரு சாதாரண வாரநாளில் பல பந்தயத் திடல்களுக்குப் போனால், ஆயிரக்கணக்கான இருக்கைகளில் சில நூறு பேர் சிதறிக் கிடப்பார்கள். ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வரும். "கார் வந்தது, குதிரை போனது" என்பது ஒன்று. "மக்களுக்குச் சூதாட்டம் கசந்துவிட்டது" என்பது மற்றொன்று.

இரண்டுமே தவறு. 1938இல் பெருநகரத் தெருக்களைக் கார்கள் எப்போதோ பிடித்துவிட்டன. குதிரைப் பந்தயம் உச்சத்தைத் தொட்டதே கார்கள் வந்த பிறகுதான். சூதாட்டம் கசந்ததா என்றால், கையிலிருக்கும் தொலைபேசியிலேயே பந்தயம் கட்டும் காலத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை. உண்மைக் காரணம் வேறு. அதைப் புரிந்துகொள்ள, பந்தயத்தில் பணம் எப்படிச் சுழல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், புகழ் என்றால் என்ன?

ஒரு திரைப்படம் "ஓடியது" என்கிறோம். அரங்குகள் நிறைந்தனவா, வசூல் கொட்டியதா, போகுமிடமெல்லாம் அதே பேச்சா? மூன்றும் சேர்ந்தே வரவேண்டும் என்று கட்டாயமில்லை. குதிரைப் பந்தயத்திலும் அப்படித்தான். திடலுக்கு வரும் கூட்டம் ஒன்று, கட்டப்படும் பணம் இன்னொன்று, ஊர்ப்பேச்சு மூன்றாவது. இவற்றைக் கலந்துகட்டிப் பேசுவதால்தான் குழப்பம்.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களில் 2003ஆம் ஆண்டு சுமார் 1,500 கோடி டாலர் கட்டப்பட்டது. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவ்வளவு பணம் புழங்கியதில்லை. ஆனால் அந்த ஆண்டில் இருக்கைகள் ஏற்கெனவே காலி. கூட்டம் போய்ப் பல ஆண்டுகள் கழித்துத்தான் பணம் உச்சிக்கு ஏறியது. பிறகு அதுவும் சரியத் தொடங்கி, 2023இல் ஏறக்குறைய 1,160 கோடி டாலருக்கு வந்து நின்றது. விலைவாசி உயர்வையும் கணக்கில் எடுத்தால் சரிவு இன்னும் ஆழமானது.

ஓடும் குதிரை, சுமக்கும் எடை

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பெரும்பந்தயங்களில் ஓடுபவை தரோபிரெட் என்னும் இனம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று கீழைநாட்டு ஆண்குதிரைகளில்தான் இந்த இனத்தின் தந்தைவழி போய் முடிகிறது. 1791இல் இங்கிலாந்தில் இவற்றுக்கென ஒரு வம்சாவளிப் பதிவேடு அச்சிடப்பட்டது. அது இன்றும் தொடர்கிறது. விளையாட்டு வீரர்களுக்கு இல்லாத குலவரலாறு இந்தக் குதிரைகளுக்கு உண்டு.

அடுத்து ஹேண்டிகேப். அண்ணனும் தம்பியும் ஓட்டப் பந்தயம் வைத்தால் யார் வெல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாருக்கும் ஆர்வம் வராது. அண்ணன் முதுகில் ஒரு புத்தகப் பையை மாட்டிவிட்டால்? இப்போது முடிவு தெரியாது. வலுத்த குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றி, எல்லாக் குதிரைகளையும் ஏறத்தாழச் சமநிலைக்குக் கொண்டுவரும் இந்த முறைதான் ஹேண்டிகேப். முடிவு தெரியாமல் இருப்பது பார்ப்பவருக்குச் சுவை. பந்தயம் கட்டுபவருக்கோ அதுதான் உயிர்.

பானையும் கடையும்

பந்தயம் கட்டுவதில் அடிப்படையாக இரண்டு முறைகள் உண்டு. செய்தித்தாள்களே சில வேளை இவற்றைக் குழப்புகின்றன.

பழைய முறை புக்கி முறை. புக்கி என்பவர் ஒரு கடைக்காரர் மாதிரி. "இந்தக் குதிரை வென்றால் ஒன்றுக்கு ஐந்து தருகிறேன்" என்று விலை சொல்வார். அந்த விலைக்கு நீங்கள் வாங்குகிறீர்கள். அவர் கணித்தது தவறினால் அவர் கைப்பணம் போகும். அதாவது நீங்கள் மோதுவது அவரோடு.

இரண்டாவது முறையைப் பானை என்று வைத்துக்கொள்வோம். பத்து நண்பர்கள் உட்கார்ந்து, எந்த எறும்பு முதலில் சுவரைத் தொடும் என்று பந்தயம் வைக்கிறார்கள். ஆளுக்குப் பத்து நாணயம் பானையில் போடுகிறார்கள். மொத்தம் 100. பானையை வைத்திருப்பவர் தன் உழைப்புக்கு 15 எடுத்துக்கொள்கிறார். மிச்சம் 85. வென்ற எறும்பைச் சொன்னவர்கள் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 17 கிடைக்கும். ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் 85ம் அவருக்கே. ஆக, பரிசைத் தீர்மானிப்பது எறும்பின் வேகம் அல்ல. எத்தனை பேர் அதை நம்பினார்கள் என்பதே. இங்கே நீங்கள் மோதுவது மற்ற ஒன்பது பேரோடு. பானைக்காரருக்கு எந்த எறும்பு வென்றாலும் ஒன்றுதான்.

இதுதான் பாரிமியூச்சுவல். 1860களில் பாரிஸில் ஜோசப் ஓலே என்பவர் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பானைக்காரர் எடுத்துக்கொண்ட அந்த 15க்குக் கழிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பந்தயத் திடலின் செலவு, வென்ற குதிரைக்கான பரிசு, அரசின் வரி எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

ஆனால் பத்துப் பேர் பானையை விரல்விட்டு எண்ணலாம், பத்தாயிரம் பேர் பானையை எண்ண முடியாது. அதற்கு ஓர் இயந்திரம் தேவைப்பட்டது. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பொறியாளர் ஜார்ஜ் ஜூலியஸ் தேர்தல் வாக்குகளை எண்ணுவதற்காக ஓர் இயந்திரத்தை வடிவமைத்திருந்தார். அரசு அதை வேண்டாம் என்றது. சோர்ந்துபோகாமல் அதையே பந்தயச் சீட்டு எண்ணும் இயந்திரமாக மாற்றினார். 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் எல்லர்ஸ்லி திடலில் அது முதன்முதலாக இயங்கியது. சங்கிலிகளும் சக்கரங்களும் எடைக்கற்களும் நிறைந்த அந்தப் பூதத்துக்கு டோட்டலைசேட்டர் என்று பெயர். மக்களாட்சிக்கு என்று பிறந்த கருவி சூதாட்டத்துக்குப் போய்ப் பிழைத்தது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி.

சுருக்கமாக: புக்கி முறையில் கடைக்காரரோடு மோதல், பானை முறையில் மற்றவர்களோடு மோதல். பானை முறையில் கழிவு உண்டு. இந்தக் கழிவை மறந்துவிடாதீர்கள், கதையில் மறுபடி வரும்.

ஒரே ஒரு ஜன்னல்

பெரிய வீடு. எல்லாக் கதவுகளும் சாத்தியிருக்கின்றன. ஒரே ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருக்கிறது. புழுக்கம் தாங்காதவர்கள் எல்லோரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு, அந்த ஜன்னல் வழியே தெரியும் காட்சி அவ்வளவு அழகு போலிருக்கிறது என்று தோன்றும். வந்தவர்களில் பாதிப் பேர் காற்றுக்காக வந்தவர்கள்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குதிரைப் பந்தயம் அந்த ஜன்னலாக இருந்தது. அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். நூற்றாண்டின் தொடக்கத்தில் சூதாட்ட எதிர்ப்பு அலை ஒன்று எழுந்தது. புக்கிகள் தடை செய்யப்பட்டார்கள். நியூயார்க்கில் 1911, 1912 ஆகிய இரண்டு ஆண்டுகள் பந்தயமே நடக்கவில்லை. கென்டக்கி டெர்பி என்னும் புகழ்பெற்ற பந்தயத்தையும் 1908இல் அந்த அலை தொட்டது. அதை நடத்தியவர்கள் புக்கிகளை விட்டுவிட்டுப் பாரிமியூச்சுவல் இயந்திரங்களைப் பிடித்துக்கொண்டு தப்பித்தார்கள்.

பிறகு 1929இல் பொருளாதாரம் சரிந்தது. மாநில அரசுகளின் கஜானா காலி. பானை முறையில் பந்தயத்தை அனுமதித்தால் ஒவ்வொரு பந்தயத்திலும் வரி தானாக வந்து விழும், புக்கியைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம் என்று ஆட்சியாளர்களுக்குப் புரிந்தது. 1930களில் பல மாநிலங்கள் வரிசையாக அனுமதி கொடுத்தன. கலிபோர்னியாவில் சான்டா அனிதா திடல் 1934 கிறிஸ்துமஸ் நாளில் திறக்கப்பட்டது. சீபிஸ்கட் ஓடியது இந்தக் காலத்தில்தான்.

கேசினோக்களை அனுமதித்த நெவாடா மாநிலத்தை விட்டுவிட்டால், அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு ஒரு சாதாரண அமெரிக்கர் சட்டத்துக்கு உட்பட்டுப் பணம் வைத்து அதிர்ஷ்டத்தைச் சோதிக்கப் பெரும்பாலும் இது ஒன்றே வழி. லாட்டரி இல்லை. பக்கத்தில் கேசினோ இல்லை. பந்தயம் கட்ட வேண்டுமானால் திடலுக்கு நேரில் போகவேண்டும். கூட்டம் பேஸ்பாலோடு போட்டி போட்டதில் வியப்பில்லை.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி. திடலுக்கு வெளியே ரொக்கமாகப் பந்தயம் கட்டுவது 1906இலிருந்து குற்றம். ஆனால் புக்கியிடம் கணக்கு வைத்திருக்கும் வசதியானவர்கள் தொலைபேசியில் கடன் சொல்லிக் கட்டலாம், அது குற்றமில்லை. ஏழை மட்டும் தெருமுனையில் ஒளிந்து சீட்டுக் கொடுக்க வேண்டும். இந்த அநியாயம் 1961 மே மாதம் பந்தயக் கடைகள் சட்டப்படி திறக்கப்பட்டபோதுதான் தீர்ந்தது. மக்களுக்கு ஆசை வந்துவிடக் கூடாது என்று அந்தக் கடைகளை வேண்டுமென்றே களையிழந்த இடங்களாக வைத்திருந்தார்கள். 1986 வரை தொலைக்காட்சிப் பெட்டிகூட வைக்க அனுமதியில்லை. அப்படியும் ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. அன்றுமுதல் குதிரையைப் பார்க்காமலேயே குதிரைப் பந்தயம் ஆடும் பழக்கம் சட்டத்தின் கண்முன் வளரத் தொடங்கியது.

ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன

1964இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் நவீன காலத்தின் முதல் மாநில லாட்டரியைத் தொடங்கியது. கூட்டாட்சிச் சட்டத்தில் சிக்காமலிருக்க, அந்த லாட்டரியின் பரிசை ஒரு குதிரைப் பந்தயத்தின் முடிவோடு முடிச்சுப் போட்டார்கள். குதிரைப் பந்தயத்தின் தனியுரிமையை உடைக்கப்போகும் போட்டியாளர் குதிரை மேலேயே ஏறி வந்தார் என்றால் மிகையில்லை. நியூயார்க், நியூ ஜெர்சி என்று லாட்டரி பரவியது. பிறகு கேசினோக்கள் பெருகின. பிரிட்டனில் தேசிய லாட்டரி 1994இல் வந்தது. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, எல்லா விளையாட்டுகளிலும் பந்தயம் கட்டுவதை அனுமதிக்க மாநிலங்களுக்கு வழிவிட்டது.

இங்கேதான் அந்தக் கழிவு குறுக்கே வருகிறது. 1930களில் அமெரிக்காவில் கழிவு 10 சதவீதத்தை ஒட்டியிருந்தது. மாநிலங்களும் திடல்களும் பங்கைக் கூட்டிக்கொண்டே போனதில், பந்தய வகையைப் பொறுத்து இன்று 15 முதல் 25 சதவீதம் வரை போகிறது. கால்பந்து போன்ற ஆட்டங்களில் கட்டுபவரிடம் பந்தய நிறுவனம் வழக்கமாக எடுப்பது சுமார் 5 சதவீதம்.

வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 நாணயத்தோடு வந்து, மிஞ்சுவதை எல்லாம் அடுத்த பந்தயத்தில் கட்டிக்கொண்டே போகும் சராசரி ஆளுக்கு, ஒவ்வொரு முறையும் 18 சதவீதம் கழிந்தால், எட்டுப் பந்தயங்களுக்குப் பிறகு கையில் நிற்பது ஏறத்தாழ 20. கழிவு 5 சதவீதம் என்றால் 66. முதல் ஆள் கிட்டத்தட்ட வெறுங்கையாக வீடு திரும்புகிறார், இரண்டாமவர் மறுநாளும் வருவார். கூட்டம் குறையக் குறைய, இருக்கும் சிலரிடம் இன்னும் கொஞ்சம் கறக்கலாம் என்று கழிவை ஏற்றினார்கள். வண்டி இழுக்கும் மாட்டுக்குத் தீவனத்தைக் குறைத்துச் சுமையைக் கூட்டிய கதை.

திடல்களும் சும்மா இருக்கவில்லை. ஓரிடத்தில் நடக்கும் பந்தயத்தைத் திரையில் காட்டி, வேறு ஊர்களில் இருந்து பணம் கட்ட வைக்கும் முறை 1980களில் வலுத்தது. இதற்குச் சிமுல்காஸ்ட் என்று பெயர். பணம் பெருகியது, 2003இன் உச்சம் அப்படி வந்ததுதான். அதற்குக் கொடுத்த விலை திடலின் ஆரவாரம். அமெரிக்காவில் இன்று கட்டப்படும் பணத்தில் பத்தில் ஒன்பது பங்கு, பந்தயம் நடக்கும் திடலுக்கு வெளியிலிருந்து வருகிறது. சில மாநிலங்களில் திடலுக்குள்ளேயே நாணயம் போட்டுச் சூதாடும் இயந்திரங்களை வைத்து, அந்த வருமானத்தில் குதிரைகளுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். குதிரையின் பெயரில் ஒரு கேசினோ நடக்கிறது என்று சொல்லலாம்.

இதுவரை பார்த்தது இதுதான்: பந்தயத்தின் பெருங்கூட்டம் அதன் தனியுரிமையில் இருந்து பிறந்தது. தனியுரிமை போனதும் கூட்டம் பிரிந்தது. பணம் சில காலம் தாக்குப்பிடித்தது.

பெயர் மனத்தில் பதிவதற்குள் ஓய்வு

ஊர்ப்பேச்சு ஏன் குறைந்தது என்பதற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. சீபிஸ்கட் தன் வாழ்நாளில் ஓடியது 89 பந்தயங்கள். தோற்றது, மறுபடி வந்தது, காயப்பட்டது, திரும்பி ஓடியது. மக்கள் அதோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். 2018இல் ஜஸ்டிஃபை என்னும் குதிரை, அமெரிக்காவின் மூன்று பெரும்பந்தயங்களை ஒரே ஆண்டில் வெல்லும் டிரிபிள் கிரவுன் பெருமையைப் பெற்றது. அதன் மொத்த ஓட்டங்கள் ஆறு. ஆறும் நான்கு மாதத்துக்குள். தோல்வியே இல்லை, பிறகு ஓய்வு.

காரணம் எளிது. வென்ற ஆண்குதிரையைப் பொலிகுதிரையாக வைத்து, ஒவ்வொரு இணைசேர்ப்புக்கும் கட்டணம் வாங்கினால் கிடைப்பது, ஓடி வெல்லும் பரிசைவிடப் பல மடங்கு. மறுபடி ஓடித் தோற்றால் அந்த விலை விழும், காலொடிந்தால் எல்லாமே போகும். உரிமையாளர் என்ன செய்வார்? நட்சத்திர நடிகர் முதல் படம் வெற்றி பெற்றவுடனே நடிப்பை விட்டுவிட்டால் ரசிகர் மன்றம் எங்கிருந்து வரும்?

நட்சத்திரங்கள் மட்டுமல்ல, எல்லாக் குதிரைகளும் குறைவாகவே ஓடுகின்றன. 1960இல் அமெரிக்காவில் ஒரு குதிரை ஆண்டுக்குச் சராசரியாக 11 முறை ஓடியது, இப்போது அதில் பாதியைச் சற்றே தாண்டும். குதிரைகளின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. 1986இல் வட அமெரிக்காவில் 51,000க்கும் மேற்பட்ட தரோபிரெட் குட்டிகள் பதிவாயின, அண்மை ஆண்டுகளில் 20,000ஐக்கூட எட்டவில்லை.

திரையில் விழுந்த குதிரை

1975 ஜூலையில் பெல்மான்ட் திடலில் ரஃபியன் என்னும் தோல்வியறியாத பெண்குதிரை, தொலைக்காட்சி நேரலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கால் முறிந்து, பிறகு கருணைக்கொலை செய்யப்பட்டது. குதிரைகள் அதற்கு முன்பும் விழுந்திருக்கின்றன. கோடிக்கணக்கானோர் வீட்டிலிருந்து பார்த்ததுதான் புதிது. 2019இன் முதல் பாதியில் சான்டா அனிதாவில் அடுத்தடுத்துக் குதிரைகள் இறந்தபோது, பந்தயமே வேண்டாம் என்ற குரல் செய்தித் தலைப்புகளுக்கு வந்தது. அதற்கடுத்த ஆண்டில் அமெரிக்கா நாடு முழுமைக்குமான பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. மருந்துக் கட்டுப்பாடு, சவுக்கடிக்கு வரம்பு, ஓட்டத்துக்கு முன் மருத்துவச் சோதனை என்று விதிகள் இறுகின. தாமதமாக வந்தவை, ஆனால் தேவையானவை.

கேசினோ வந்ததால் போனவர்கள் வேறு, மனம் கேட்காமல் விலகியவர்கள் வேறு. இரண்டாம் வகையினரைக் கழிவைக் குறைத்துத் திரும்ப அழைக்க முடியாது.

எல்லா ஊரிலும் ஒரே கதை இல்லை

ஜன்னல் உவமை சரியானால், ஜன்னல்கள் சாத்தியிருக்கும் இடங்களில் பந்தயம் இன்னும் செழிக்க வேண்டும் அல்லவா? ஹாங்காங்கைப் பாருங்கள். அங்கே 1884இல் தொடங்கிய ஜாக்கி கிளப் ஒன்றுக்குத்தான் பந்தயம் நடத்தும் உரிமை. லாட்டரியும் கால்பந்துப் பந்தயமும்கூட அதே அமைப்பின் கையில். வேறு ஜன்னல் திறந்தாலும் அது அதே வீட்டுக்காரருடையது. இரண்டே திடல்களை வைத்துக்கொண்டு ஒரு பருவத்தில் 10,000 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் குதிரைகள் மீது புரள்கிறது.

ஜப்பான் இன்னும் சுவாரசியமானது. அங்கே கழிவு சராசரியாக 25 சதவீதத்தை ஒட்டியது, அதாவது அமெரிக்காவைவிடக் கொடுமை. ஆனாலும் 1990இல் ஜப்பான் டெர்பியைப் பார்க்க டோக்கியோ திடலுக்கு 1,96,517 பேர் வந்தார்கள். வேறு போக்கிடம் இருந்தால்தான் கழிவு உறைக்கும் என்பதே என் முடிவு. சிங்கப்பூர் எதிர்த்திசை: 2010இல் கேசினோக்கள் வந்தன, நிலமோ தங்கத்தைவிட அருமை. 182 ஆண்டுப் பழமையான பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்று கடைசியாக ஓடி முடிந்தது. மக்காவ் அதே ஆண்டு சில மாதங்கள் முந்திக்கொண்டது.

பெருநாள்கள் மட்டும் எங்கும் சாகவில்லை. வாரநாளில் ஈயாடும் கென்டக்கித் திடலில் 2015 டெர்பி நாளன்று 1,70,513 பேர் கூடினார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் கோப்பை நாள், அந்த நகரத்துக்குப் பொதுவிடுமுறை. தொப்பி போட்டுக்கொண்டு வரும் பலருக்கு அன்று ஓடிய குதிரைகளில் ஒன்றின் பெயர்கூடத் தெரியாது. பந்தயம் அன்றாட வழக்கத்திலிருந்து திருவிழாவாக மாறியிருக்கிறது.

பணக் கணக்குக்கு அடங்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் கோச்சி என்னும் சிறு திடல் கடனில் மூழ்கி மூடும் நிலையில் இருந்தது. அங்கே ஹாரு உராரா என்று ஒரு பெண்குதிரை, ஓடிய எல்லாப் பந்தயங்களிலும் தோற்றுக்கொண்டே இருந்தது. 2003இல் செய்தி பரவியதும் நாடே அதன் மீது பாசம் கொண்டது. சீட்டு "படவில்லை" என்பதற்கும், வண்டி வந்து "படவில்லை" என்பதற்கும் ஜப்பானிய மொழியில் ஒரே சொல். அதனால் அந்தக் குதிரையின் மேல் கட்டிய தோற்ற சீட்டை விபத்துக் காப்பாகக் காரில் வைத்துக்கொண்டார்கள். 2004 மார்ச் 22 அன்று ஜப்பானின் தலைசிறந்த ஜாக்கி (பந்தயக் குதிரையோட்டி) யுடாகா டாகே அதன் மேல் ஏறினார். சீட்டு வாங்கியவர்களில் வெற்றியை எதிர்பார்த்தவர்கள் எத்தனை பேரோ. பதினோரு குதிரைகளில் ஹாரு உராரா பத்தாவதாக வந்தது.